படிப்பு ஏறாத பிள்ளைக்கு யார் பேசுவது?

(ஹட்டனில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது படிப்பு ஏறாத பிள்ளையைப் பற்றி. ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பிள்ளை இருக்கிறது. கடைசி வாங்கில் இருக்கிறது. ஜன்னலோரம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, புள்ளிப் பட்டியலின் அடியிலும் அதே பெயர் இருக்கிறது. கரும்பலகை துடைக்க, தண்ணீர் கொண்டுவர, கதிரை தூக்க முதலில் கூப்பிடப்படுவது அந்தப் பிள்ளைதான். வாசிக்கச் சொல்லும்போது மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பிள்ளைக்காகப் பேசுவது யார்? அதற்குச் சொல்லிக்கொடுப்பது யார்? இந்த இரண்டு கேள்விகளோடுதான் உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். படிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைகளில் பல வகை உண்டு. சில பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சியே மெதுவானது. பேச்சும் நடையும் தன் வேலையைத் தானே செய்துகொள்வதும்கூடப் பிந்தித்தான் வரும். வேறு சில பிள்ளைகள் சூட்டிகையானவர்கள். கதை சொன்னால் அச்சு மாறாமல் திருப்பிச் சொல்வார்கள். கடைக்கு அனுப்பினால் மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்கி வருவார்கள். எழுத்தின் முன்னால் மட்டும் திகைத்து நிற்பார்கள். இந்த இரண்டாவது வகையைத்தான் கற்றல் இடர்பாடு என்று நம் ஆசிரியப் பயிற்சி நூல்கள் சொல்கின்றன. இரண்டு வகையினருக்கும் வேண்டிய உதவி வெவ்வேறு. ஆனால் தோட்டத்து லயத்தில் இருவருக்கும் ஒரே பெயர்: மக்கு. இருவருக்கும் நாம் காட்டிவந்த வழியும் ஒன்றுதான்: தேயிலை மலை.

ஆம், தோட்டம் எப்போதும் அவர்களுக்கு ஓர் இடத்தைத் தயாராக வைத்திருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலையில் வைத்தது. எப்படிப்பட்ட கல்வி? ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர், பல வகுப்பு. பெயரை எழுதத் தெரிந்தால் போதும், கூலிக் கணக்கில் கையெழுத்து வைத்தால் போதும். 1977ஆம் ஆண்டிலிருந்துதான் அரசாங்கம் இந்தப் பள்ளிகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எழுபது ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும், படிக்காத பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று கேட்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. கொழுந்து எடுக்க எழுத்து எதற்கு? கவ்வாத்துக்கு வாசிப்பு எதற்கு? காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்து நின்றால் பேர் விழும், அதாவது அன்றைய சம்பளம் கணக்கில் ஏறும். அதோடு கேள்வி முடிந்தது.

பெரியோர்களே, ஆசிரியர்களே, இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். ஒரு சமூகமே கல்வியில் பின்தங்க வைக்கப்பட்டிருக்கும்போது, அதற்குள்ளே வேறொரு காரணத்தால் பின்தங்கும் பிள்ளை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. நகரத்துப் பெரிய பள்ளியில் நாற்பது பிள்ளைகளில் முப்பத்தெட்டுப் பேர் வாசிக்கிறார்கள் என்றால், வாசிக்காத இரண்டு பேர் மேல் உடனே கண் போகும். நம் பள்ளியில் மூன்றாம் தரத்தில் பாதிப் பேர் தடுமாறினால்? அந்தப் பாதிக்குள் ஆசிரியர் இல்லாததால் தடுமாறுகிறவன் யார், கண் தெரியாததால் தடுமாறுகிறவன் யார், காது மந்தமானதால் தடுமாறுகிறவன் யார், பசியால் தூங்கி விழுகிறவன் யார், மூளை எழுத்தை வேறு விதமாக எடுத்துக்கொள்வதால் தடுமாறுகிறவன் யார்? யார் பிரித்துப் பார்ப்பது? "தோட்டத்துப் பிள்ளைகள், அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லோரையும் கட்டிப் போட்டுவிடுகிறோம். அந்த வாக்கியத்தை நம் கல்வி வலயங்களிலிருந்தே துடைத்தெறிய வேண்டும்.

பசியைச் சும்மா சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களிலோ ஏறக்குறைய 32 வீதம். மூன்று பிள்ளைக்கு ஒரு பிள்ளை! உடல் குன்றும்போது மூளைக்குப் போக வேண்டியதும் குறைகிறது. இது சோறும் பாலும் முட்டையும் தீர்க்க வேண்டிய கதை. மூக்குக் கண்ணாடி தீர்க்க வேண்டிய கதை இன்னொன்று. காதைச் சோதித்துத் தீர்க்க வேண்டிய கதை மற்றொன்று. இவையெல்லாம் தீர்ந்த பின்னும் ஒரு பிள்ளை எழுத்தின் முன் நிற்கிறதே, அந்தப் பிள்ளையிடம் வருகிறேன்.

1896ஆம் ஆண்டு. இந்த மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை நிறைந்துவிட்ட காலம். இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்ற மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். பையன் பெயர் பெர்சி. கெட்டிக்காரன், விளையாட்டிலும் சளைத்தவன் அல்ல. கண்ணில் குறை இல்லை, எண்களைத் தடையில்லாமல் வாசித்தான். சொற்களை மட்டும் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். பாடம் முழுவதையும் வாயால் சொல்லிக்கொடுத்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மோர்கன் பதிவு செய்தார்.

பெர்சி இங்கிலாந்துப் பையன். நம்ம வீட்டுப் பையன் எப்படி எழுதுகிறான்? ஆசிரியர்களே, உங்கள் கையில் இருக்கும் பயிற்சிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். 'மலை' என்று சொன்னால் 'மைல' என்று எழுதுகிறான். 'கதை' என்றால் 'கைத'. ஏன்? நம் எழுத்தில் ஐகாரக் கொம்பு லகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் ஒலிக்கும்போது லகரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. கண் ஒரு வரிசையில் பார்க்கிறது, காது இன்னொரு வரிசையில் கேட்கிறது. மற்றப் பிள்ளைகள் சில மாதங்களில் இதைத் தாண்டிவிடுவார்கள். இவன் தாண்டுவதில்லை. 'கொழுந்து' வந்துவிட்டால் இன்னும் சிக்கல். முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் ககரம். கொம்பைப் பார்த்து 'கெ' என்கிறான், காலைப் பார்த்து 'கா' என்கிறான், இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்பது பிடிபடுவதில்லை. அவனுடைய அம்மா காலையிலிருந்து மாலைவரை எடுத்துக் கூடையில் போடுகிற அதே கொழுந்து!

இதைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "கவனமில்லை." பிறகு பத்துத் தடவை எழுதச் சொல்கிறோம். பத்துத் தடவையும் 'மைல' என்று எழுதி வருகிறான். பிறகு பிரம்பு. அடித்து ஏற்ற முடியுமானால் இந்த மலையகத்தில் எழுத்தறியாதவர் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார், ஐயா!

அப்படியானால் என்ன செய்வது? கொழும்பிலிருந்து நிபுணர் வரும்வரை காத்திருப்பதா? வேண்டாம். முதலில் செய்ய வேண்டியது ஆசிரியர் கையிலேயே இருக்கிறது. நல்ல கற்பித்தல்தான் முதல் சோதனை. ஒரு பிள்ளைக்கு ஒழுங்காக, பொறுமையாக, படிமுறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தால்தான் அது பிடித்துக்கொள்கிறதா இல்லையா என்று தெரியும். சொல்லிக்கொடுக்காத பிள்ளைக்குக் கற்றல் இடர்பாடு இருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தோட்டப் பள்ளியில் வாசிப்பை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர் இரண்டு வேலை செய்கிறார். இருபது பிள்ளைகளை வாசிக்க வைக்கிறார். மிஞ்சி நிற்கும் இரண்டு பிள்ளைகளை நமக்கு அடையாளம் காட்டுகிறார்.

அந்த இருவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? முதலில் காது. சொல்லைக் கைதட்டிப் பிரிக்கப் பழக்குங்கள். கொ-ழுந்-து. மூன்று தட்டு. ம-லை. இரண்டு தட்டு. எழுத்தைக் காட்டாமலே ஒரு வாரம் இதைச் செய்யலாம். பிறகு கை. ஒரு தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சொல்ல வையுங்கள். கண், காது, வாய், விரல், நான்கும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற மருத்துவரும் ஆனா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் வகுத்த முறை இந்த வழியில்தான் போகிறது. நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரல் வைத்து உரக்கச் சொல்லித்தானே எழுத்து ஆரம்பித்தார்கள்! விரல் அறிவு நம் தாய்மாருக்குப் புதிதா? இரண்டு இலையும் மொட்டும் எங்கே முடிகிறது, முற்றிய இலை எங்கே தொடங்குகிறது என்று பனிமூட்டத்தில் பார்க்காமலே அந்த விரல்களுக்குத் தெரிகிறது. அப்படித்தான் அந்தப் பிள்ளையின் விரலும் எழுத்தை அறிய வேண்டும்.

ஒரு நேரத்தில் ஓர் எழுத்துக் குடும்பம் போதும். ஐகாரத்தைத் தனியாக எடுங்கள். கை, தை, பை, மை என்று ஓரெழுத்தில் நிறுத்துங்கள். கொம்பு தன் எழுத்தை விட்டு வழுக்கிப் போக அங்கே இடமில்லை. அது உறுதியான பின் கதை, மலை. கொம்பையும் அதற்குரிய எழுத்தையும் ஒரே நிறத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம், ஆனால் ஒவ்வொரு நாளும். ஒரு மாதம் செய்து பலன் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் காலம் எடுக்கும்.

"சேர், எனக்கு ஐந்து பாடம், மூன்று வகுப்பு, நேரம் எங்கே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஆசிரியர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாததல்ல. 2015ஆம் ஆண்டை ஒட்டி மூவாயிரம் அளவில் நம் இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரிய உதவியாளர்களாகப் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு எடுக்கப்பட்டார்கள். மாதக் கொடுப்பனவு முதலில் 6,000 ரூபாய், பிறகு 10,000 ரூபாய். பஸ் காசுக்கே போதாத பணத்தில் அவர்கள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். கொட்டகலை பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நமக்கு எத்தனையோ ஆசிரியர்களைத் தந்திருக்கிறது. அவர்களில் விசேட கல்வி கற்ற தமிழ் ஆசிரியர்கள் இன்னும் பலர் வேண்டும். பேச்சுச் சிகிச்சை வேண்டும் என்றால் தமிழ் பேசும் சிகிச்சையாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. தமிழில் தடுமாறும் பிள்ளையை வேறு மொழியில் எப்படிச் சோதிப்பது? ஆசிரியர்களுக்கு நேரம் கொடுங்கள், பயிற்சி கொடுங்கள், ஒவ்வொரு கோட்டத்துக்கும் தமிழில் பயின்ற விசேட கல்வி ஆசிரியரைக் கொடுங்கள் என்று கல்விப் பணிமனையிடம் இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன்.

இப்போது தாய்மாரிடம் வருகிறேன். ஒரு தாயை எனக்குத் தெரியும். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மகனைப் பெரிய ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஆசிரியை துண்டு எழுதிக் கொடுத்தார். தாய் சொன்னார்: "போகணும்தான் டீச்சர். போனா அன்னைக்கு பேரு இல்ல. பஸ்ஸுக்கு ரெண்டு பேருக்கும் காசு. போன தடவ போயி, திரும்ப வரச் சொல்லி தேதி குடுத்தாங்க. அங்க பேசினது பாதி வெளங்கல. இவன் மலையில நல்லா வேலை செய்வான் டீச்சர், விட்டுருங்க." கடைசி இரண்டு சொற்களைக் கேட்டீர்களா? அதில் அலட்சியம் இருக்கிறதா? இல்லை. ஒரு நாள் சம்பளம், இரண்டு டிக்கெட், புரியாத மொழி, கையில் ஒரு தேதி. இத்தனையையும் ஒரு தாய் தனியாகச் சுமக்க முடியாது என்பதுதான் அதில் இருக்கிறது. அந்த ஆசிரியை விடவில்லை. அடுத்த தேதிக்குத் தானே கூடப் போனார். சிங்களத்தில் பேசினார், பிள்ளையின் கொப்பியை மருத்துவர் முன் விரித்து வைத்தார். நான் சொல்லும் பரிந்து பேசுபவர் இவர்தான்.

இந்த மலையில் அப்படிப்பட்ட பணி புதிதல்ல. 1988ஆம் ஆண்டு நுவரெலியாவில் கிறிஸ் ஸ்டப்ஸ், ரஞ்சி ஸ்டப்ஸ் தம்பதியர் மென்கஃபெப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அறிவு வளர்ச்சிக் குறைவுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் கல்வி கொடுப்பதே நோக்கம். அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் பாவம் என்றும் சாபம் என்றும் லயத்துக் காம்பராவுக்குள்ளே அடைத்து வைத்த காலம். நாடு கலவரத்தில் கிடந்த காலம். அந்தக் காலத்தில் பிள்ளையோடு குடும்பத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்களே, அதுதான் அவர்களுடைய பணியில் நான் மிக உயர்வாக மதிப்பது. பிள்ளை பள்ளியில் சில மணி நேரம்தான் இருக்கிறது. மீதி நேரம் எல்லாம் காம்பராவில், தாயோடு, ஆத்தாவோடு, அண்ணன் தங்கையோடு. அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் நிலைக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016இல் அதை ஏற்றுறுதி செய்தது. அதே 2016இல்தான் கட்டாயக் கல்வி வயது பதினான்கிலிருந்து பதினாறுக்கு உயர்ந்தது. ஆக, பதினாறு வயதுவரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். சரி, இருந்து என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு ஆண்டும் தரம் மட்டும் ஏறிக்கொண்டே போக, எழுத்து ஏறாமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருக்கவா? "சேர்க்க மாட்டோம்" என்று எந்த அதிபரும் இப்போது சொல்வதில்லை. சேர்த்துக்கொண்டு சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் அதே மறுப்புத்தான் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

சட்டங்கள் எப்படி வருகின்றன தெரியுமா? 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு கூட்டம். கூடியவர்கள் படிப்பு ஏறாத பிள்ளைகளின் பெற்றோர்கள். சாமுவேல் கிர்க் என்ற கல்வியாளர் அவர்கள் முன் பேசினார். அதுவரை ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்த இந்த நிலைமைக்கு அவர் பயன்படுத்திய 'கற்றல் இடர்பாடு' என்ற பெயரையே அந்தப் பெற்றோர்கள் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை! சங்கம் கட்டினார்கள். மாநிலம் மாநிலமாகக் கதவைத் தட்டினார்கள். பிள்ளைகளுக்காகப் போராடிய இப்படிப்பட்ட பெற்றோர்களின் குரல் சேர்ந்து 1975இல் நாடு தழுவிய சட்டம் வந்தது. பக்கத்துச் சென்னையிலும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கமாகத் திரண்டார்கள். 2016இல் இந்தியா கொண்டுவந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தனியொரு வகையாகவே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது. மண்டபத்தில் கூடிய தாய் தகப்பன்மார்தான் இதையெல்லாம் தொடங்கி வைத்தார்கள். இந்த மண்டபத்திலும் தாய் தகப்பன்மார் இருக்கிறீர்கள்!

சங்கம் கட்டுவது நமக்குத் தெரியாத வேலையா? வாக்குரிமை பறிக்கப்பட்டபோது போராடியவர்கள் நாம். சம்பளத்துக்காகப் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் நாம். 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயானதே, எத்தனை ஆண்டு நின்று கேட்டோம்! அதே குரலில் ஒரே ஒரு முறை, "என் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடு" என்று கேட்டிருக்கிறோமா? தொழிற்சங்கத் தலைவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேரைக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிகளோடு பேசுங்கள். இந்த ஒன்று கிடைத்தால் கிளினிக் வாசலில் நம் தாய்மார் வரிசையில் நிற்பார்கள்.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் வேலை செய்யும் தங்கைகளே, தோட்டத்துப் பிள்ளையை அதன் தாய்க்கு அடுத்ததாக அதிக நேரம் பார்ப்பது நீங்கள்தான். மூன்று வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத பிள்ளை, பெயரைக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, நான்கு வயதில் பாட்டின் இரண்டு வரியை மனதில் வைக்க முடியாத பிள்ளை, இவர்களை முதலில் காண்பது உங்கள் கண். கண்டால் குடும்பநல மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். முதலாம் தரத்தில் சேரும்போது அந்தக் குறிப்பு பிள்ளையோடு பள்ளிக்குப் போக வேண்டும். எட்டு வயதில் தொடங்குவதைவிட நான்கு வயதில் தொடங்குவது எவ்வளவோ எளிது.

கடைசியாக, பத்தாம் தரத்தில் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு செய்தி. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விசேட தேவையுடைய பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைப் பரீட்சைத் திணைக்களம் செய்துகொடுக்கிறது. அது தானாக வராது. விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவ அறிக்கை வேண்டும், அதிபர் மூலமாகப் போக வேண்டும். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓடினால் அறிக்கை கிடைக்காது. ஆகவே பத்தாம் தரத்திலேயே தொடங்குங்கள். பிள்ளையின் பழைய கொப்பிகளை எறியாமல் வையுங்கள், 'மைல' என்று எழுதிய கொப்பியையும் சேர்த்து. மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார். கூட்டம் முடிந்ததும் ஆசிரியர்கள் சிலர் இங்கேயே இருப்பார்கள். பிள்ளையின் பெயரையும் தரத்தையும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், எழுதிக்கொள்வார்கள்.